சிவப்புப் பட்டை

நெல்லிக்காய் அளவு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கக் கூடாது. கோகிலவாணிக்கு அது உறைத்தது வேலையின் நட்டநடுவில், ஆறுச்சாமி என்கிற பள்ளிக்கூட பஸ் டிரைவர் மவுஸைக் கையில் எடுத்து, எடுத்த வேகத்தில் மேசைமேலேயே வைத்துவிட்டு, "எங்கிருந்துங்க அம்மிணி ஆரம்பிக்கறது?" என்று கேட்ட நேரத்தில். "எங்கிருந்து வேணாலும் ஆரம்பிங்கண்ணா. இதுல சரி, தப்பு எதுவும் இல்ல. நாங்க சோதிக்கறது இந்தப் பக்கத்தைத்தான், உங்களை இல்ல" என்று காலையிலிருந்து ஐந்து பேருக்குச் சொன்னதையே ஆறாவது ஆளுக்கும் சொன்னாள். வாய் சொல்லிக்கொண்டிருக்க, மனசு பத்து நிமிஷத்துக்கு முந்தி வந்த போனுக்குப் போய்விட்டது. தாராபுரத்திலிருந்து தங்கை இந்துமதி. "அக்கா, ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுவே?" "நெல்லிக்காய் அளவு போதும் கண்ணு. அப்புறம்? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" "ம், நல்லாத்தான் இருக்கேன்க்கா. சும்மாதான் கூப்பிட்டேன்." அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆறுச்சாமி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்ற வேண்டாம் என்று சொல்லப் போன அவசரத்தில் இவள் போனை வைத்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கோகிலவாணிக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே இந்துமதிதான்.

சரி, வேலையைப் பார். வேலை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக இணையதளம் செய்கிறார்கள். அதன் முகப்புப் பக்கத்தை வரைந்தவள் கோகிலவாணி. வரைந்தால் போதாது, யாரென்றே தெரியாத நாலு பேரைக் கூட்டி வந்து அதன் முன்னால் உட்கார வைத்து, ஒரு காரியத்தைச் சொல்லி, செய்கிறார்களா திண்டாடுகிறார்களா என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பார்க்க மட்டும்தான் வேண்டும். உதவக் கூடாது, கை காட்டக் கூடாது, "கொஞ்சம் மேல பாருங்க" என்று கண்ணால்கூடச் சொல்லக் கூடாது. ஒருவர் தண்ணீரில் தத்தளிப்பதைக் கரையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதற்கா ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுடைய மாமியார் ஒருமுறை கேட்டார். பக்கத்து அறையில் ஸ்டீபன் இதே ஸ்க்ரீனை டிவியில் பார்த்துக்கொண்டு, மவுஸ் போகும் இடத்தையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பான். ஆறுச்சாமிக்குக் கொடுத்த காரியம் ஒரு வரி. வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு வலி, இந்த ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பரைக் கண்டுபிடியுங்கள். நம்பர் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. பக்கத்தின் உச்சியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ரத்தச் சிவப்பில் ஒரு பட்டை. அதில் வெள்ளை எழுத்தில் நம்பர், பக்கத்தில் மின்னி மின்னி அணையும் ஒரு போன் படம். இதைவிடப் பெரிதாகப் போட வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிச் சுவரில்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். காலையிலிருந்து வந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

ஆறுச்சாமி காக்கிச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டு ஸ்க்ரீனுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரும் உடம்பு அது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் சாயங்காலம் மறுபடி ஏற்றும்வரை அவருக்கு வேலையில்லை, அந்த இடைவெளியில் வந்திருக்கிறார். முதலில் அவர் கண் போனது, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கும் டாக்டரம்மாள் படத்துக்கு. எல்லாருக்கும் அங்கேதான் போகிறது. அவர் அந்தப் படத்தை ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தட்டு. "படம் நல்லா இருக்குதுங்க" என்றார். அதுதான் இந்த ஊரோடு பெரிய பாடு. விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லை என்று வாயைத் திறந்து சொல்லுகிற ஆள் கொங்கு நாட்டில் உண்டா? இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, "அருமைங்க" என்று சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் மோர் வாங்கிக் குடிப்பார்கள். காலையில் வந்த டீச்சரம்மா பதினோரு நிமிஷம் தேடி நம்பர் கிடைக்காமல் முகம் வேர்த்து, கடைசியில், "ரொம்ப அழகாப் பண்ணியிருக்கீங்க, எனக்குத்தான் பாக்கத் தெரியல" என்று இவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இதற்காகவே கோகிலவாணி ஒரு பொய்யை வழக்கமாக வைத்திருக்கிறாள். "இதை நான் செய்யலைங்க, வேற ஊர்க் கம்பெனிக்காரங்க செஞ்சது, நீங்க தாராளமாத் திட்டலாம்" என்று. அப்படியும் யாரும் திட்டுவதில்லை. அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றும் மேசை ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கிறது: வாய் சொல்வதை எழுதாதே, கை செய்வதை எழுது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்டீபனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்கு உபதேசம். நல்லாத்தான் இருக்கேன்க்கா, சும்மாதான்.

கை என்ன செய்தது? ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போயிருந்தபோது இந்துவின் கை என்ன செய்தது? அவள் அடுப்படியில் நின்றாள், இவள் ஹாலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மாதக் குழந்தை, கவின், பொக்கை வாயைத் திறந்து விட்டத்து ஃபேனைப் பார்த்துச் சிரிக்கும். இந்து ஒரு அலமாரியைத் திறந்தாள், மூடினாள். அடுத்ததைத் திறந்தாள், மூடினாள். முதலில் திறந்ததை மறுபடி திறந்தாள். "என்ன தேடறே?" என்று கேட்டதற்கு, "உப்பு டப்பாவைக் காணோம்" என்றாள். ஆறு வருஷமாக அவள் ஆளுகிற அடுப்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கடுகையும் மிளகையும் தனித்தனியாக எடுத்துத் தருகிற கை. உப்பு டப்பா அடுப்புக்குப் பக்கத்தில், அவளுடைய இடது முழங்கையில் இடிக்கிற இடத்தில் இருந்தது, இவள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். "தூக்கமில்லாம மூளை வேலை செய்யலைக்கா" என்று இந்து சிரித்தாள், இவளும் சிரித்தாள். குழந்தை பெற்றவளுக்குத் தூக்கம் இருக்குமா? பிறகு கவின் அழ ஆரம்பித்தான். நல்ல சத்தமாகவே அழுதான். இந்து டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். தலையைத் திருப்பவில்லை. இதே ஒரு சோதனையாக இருந்திருந்தால், எதிரில் உட்கார்ந்திருப்பது முன்பின் தெரியாத யாரோவாக இருந்திருந்தால், கோகிலவாணி நேரம் போட்டு எழுதியிருப்பாள்: மூன்று தடவை அலமாரி திறப்பு, கண்ணெதிரில் உள்ள பொருள் தெரியவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை. தங்கை என்பதால் எழுதவில்லை. தங்கை என்பதால் வாய் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு, மறுநாள் காலை சோதனைக்கு ஆள் வருகிறது என்று மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளைச் சொல்லி என்ன, எதிரில் இலை போட்டு உட்கார்ந்தவளுக்குக் கண் எங்கே போயிற்று?

ஆறுச்சாமி இப்போது 'எங்களைப் பற்றி'க்குள் போயிருந்தார். ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார் என்பதையெல்லாம் உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், இவர் வாழ்க்கை வரலாறு படிக்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடம், கோகிலவாணிக்கு வரவில்லை. தப்பு அவர் மேல் இல்லை, இந்தக் கதவை இந்த இடத்தில் வைத்தவள் அவள்தான். அவர் வெளியே வந்தார், 'தொடர்புக்கு' என்பதைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. "இதானுங்க" என்றார். அங்கே நம்பர் இல்லை. பெயர், ஊர், உங்கள் செய்தி என்று மூன்று கட்டங்கள், கீழே சின்ன எழுத்தில், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் அனுப்புவோம். அவர் அதைப் படிக்கவில்லை. தன் பெயரை அடிக்க, கீபோர்டில் ஆள்காட்டி விரலால் ஆ என்ற எழுத்தைத் தேட ஆரம்பித்தார். கோகிலவாணிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணா, மேல பாருங்க. ஒரு வார்த்தை. உதவக் கூடாது. உதவினால் அவர் கற்றுக்கொள்வார், பக்கம் அப்படியே இருக்கும், நாளைக்கு இவள் உட்காராத வீடுகளில் உண்மையாகவே நெஞ்சு வலிக்கும். அதனால் சும்மா இருப்பதுதான் இரக்கம் என்று பத்து வருஷமாகத் தனக்குத்தானே சொல்லி வந்திருக்கிறாள், பாதி உண்மைதான் அது. ஆனால் பழக்கம் ஆபீசோடு நிற்கிறதா? அம்மா இல்லாத குடும்பத்தில் அக்கா வீடுதான் தாய் வீடு. பிரசவத்துக்கு இவளிடம்தான் வந்தாள் இந்து. குழந்தைக்கு ஐந்தாம் மாதம் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. இந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது, மூன்றாம் மாதமே, "நான் போய்க்கறேன்க்கா, நீ உன் வேலையைப் பாரு" என்றாள். வாய் சொன்னது. கை, பெட்டியில் ஒரே புடவையை மடித்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. இவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அவள் புருஷன் பழனிவேல் நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் திருப்பூர் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறான். அதுவரைக்கும் அந்த வீட்டில் இந்துவும் குழந்தையும், பின்னால் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த ஒரு கிணறும். கிணறு எதற்கு இப்போது ஞாபகத்துக்கு வருகிறது என்று கோகிலவாணி தன்னையே அதட்டினாள்.

ஆ, று, ச். அடுத்த எழுத்து அகப்படவில்லை. அவர் விரலை எடுத்துவிட்டு, முகப்புப் பக்கத்துக்கே திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தக் கட்டத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆள் நின்றுவிட்டால் உடனே கேள்வி கேட்கக் கூடாது, மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நம்மவர்களுக்கு மௌனம் ஆகாது, எட்டுக்குள் ஏதாவது சொல்லிவிடுவார்கள், அப்போது சொல்வதுதான் காசு பெறும். அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு. நெல்லிக்காய். மூன்று. திங்கட்கிழமை கூப்பிட்டது எதற்கு? இஞ்சி கிலோ என்ன விலை என்று. நேற்று? தாராபுரத்தில் கரண்ட் இல்லை, அங்கே இருக்கா என்று. ஆறு. ஏழு. "கிடைச்சுருச்சுங்க" என்றார் ஆறுச்சாமி. "எங்கண்ணா? கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க." அவர் மவுஸை நகர்த்தினார், டாக்டரம்மாவின் சிரிப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், நின்றார், தலையைச் சொறிந்தார். "கிடைக்கலீங்க. உங்களை ஏன் காக்க வெக்கோணும்னு சொல்லிப்போட்டனுங்க."

"பரவால்லைங்கண்ணா. பக்கத்தோட மேல் பக்கம் என்ன இருக்குன்னு நினைக்கறீங்க?" இதைக் கேட்கலாம். தேடி முடித்துக் கைவிட்ட பிறகு கேட்கலாம் என்று விதி இருக்கிறது. அவர் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார், பார்த்த மாதிரியும் இல்லை. "மேலயா? மேல செகப்பா என்னமோ மின்னுதுங்க. விளம்பரமுங்க. போன்லயும் இப்பிடித்தான் வரும், கண்ணு போயி ஏமாந்து ஏமாந்து, இப்பல்லாம் அந்தப் பக்கம் பாக்கறதே இல்லீங்க. கத்தற மாதிரி இருந்தா அது நமக்கில்லைன்னு உட்டர்றது." சொல்லிவிட்டு, விருந்தில் உப்பில்லை என்று சொன்னவர் மாதிரி கூசிப்போனார். அப்புறம், கூச்சத்தை மறைக்கவோ என்னவோ, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "நெசத்தைச் சொன்னா, இந்த மாதிரி நேரத்துல நான் இதுல தேடவே மாட்டனுங்க அம்மிணி. போன வருசம் எங்கூட்டுக்காரம்மாவுக்கு மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சா நெஞ்சைப் புடிச்சுக்கிச்சு. நானு என்ற மச்சினனுக்குப் போனைப் போட்டனுங்க. போட்டு என்ன கேட்டேன் தெரியுங்களா? 'அங்க மழைங்களா மாப்ளே'ன்னு கேட்டேன். அவன் இருக்கறது அடுத்த தெருவுலீங்க."

"அப்புறம்?" என்றாள் கோகிலவாணி. அவளுடைய குரல் அவளுக்கே எங்கேயோ கேட்டது.

"வாயில வரலீங்க. அந்த வார்த்தையைச் சொன்னா நெசமாயிருமாட்ட ஒரு பயம். வேற என்னமோ வந்துருச்சு. ஆனா அவன் கெட்டிக்காரன். அடுத்த தெருவுல இருந்துட்டு மாமன் மழையைக் கேக்கறாரேன்னு, பேசாம வண்டியை எடுத்துட்டு வந்து நின்னானுங்க. அவன் மட்டும் 'இல்லீங் மாமா, மழை இல்ல'ன்னு சொல்லி வெச்சிருந்தான்னா அம்புட்டுதேன்."

மழை இல்ல மாமா. நெல்லிக்காய் அளவு கண்ணு. இஞ்சி நூத்தி இருவது. கரண்ட் இங்க இருக்கு. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொன்றும் சரியான பதில். கோகிலவாணி சிவப்புப் பட்டையைப் பார்த்தாள். அது மின்னியது, அணைந்தது, மின்னியது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமையின் இன்னொன்று வந்தது. இத்தனை நேரம் உப்பு டப்பாவையும் அலமாரியையும் சுற்றிச் சுற்றி வந்தவள், எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டுகையில் இந்து கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், "அக்கா, நான் இல்லாமப் போயிட்டா கவினை நீ வளத்துவியா?" மறைத்துக் கேட்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை, பட்டப்பகலில், தெளிவான தமிழில், முகத்துக்கு நேராக. இவள் என்ன சொன்னாள்? "போடி, சினிமா வசனம் பேசாத." கத்துகிற மாதிரி இருந்தால் அது நமக்கில்லை என்று விட்டுவிடுவது. பஸ் பல்லடம் தாண்டுவதற்குள் மறந்தும்போனாள். கோகிலவாணிக்குப் பயமாக இருந்தது. இது வரை மனசின் ஓரத்தில் இருந்தது, இப்போது நடுவில் வந்து நின்றது.

இன்னும் மூன்று காரியங்கள் பாக்கி இருந்தன. "போதுமுங்கண்ணா" என்று எழுந்துவிட்டாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கிற எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள், மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தாள். "நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா?" என்று ஆறுச்சாமியும் பதறி எழுந்தார். "இல்லைங்கண்ணா. இந்தப் பக்கத்தைச் செஞ்சதே நான்தான். நீங்க சொன்னதுதான் சரி." பக்கத்து அறைக் கதவைத் தள்ளி, "ஸ்டீபன், மேல இருக்கற பட்டையை எடுத்துரு. நடுவுல, அந்தப் படம் இருக்கற இடத்துல, நம்பரைக் கறுப்புல போடு. மின்ன வேண்டாம். மத்த ஆளுங்களை நாளைக்கு வரச் சொல்லு" என்றாள். அவன் என்ன கேட்டான் என்பது காதில் விழவில்லை. படியில் இறங்கிக்கொண்டே நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடு கண்ணு. எடுத்துரு. நல்லா இருக்கியா என்று கேட்கக் கூடாது, கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்று வரும். அழாதே என்று சொல்லக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. ஏழாவது மணியில் எடுத்தாள்.

"என்னக்கா?"

"ரசம் வெச்சுட்டியா கண்ணு?"

"ம்."

"உப்பு டப்பா எங்க இருக்கு?"

தூரத்தில், வேறு ஏதோ அறையில், கவின் அழுதுகொண்டிருந்தான், அழுது அழுது குரல் தேய்ந்த அழுகை. கோகிலவாணி இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று. இரண்டு. பேசிவிடத் துடித்தது. ஐந்து. எட்டில் யாரும் பேசிவிடுவார்கள். எட்டு போயிற்று. பத்து போயிற்று. பத்துக்கு மேல் எண்ணுவது வழக்கமில்லை, அவள் எண்ணினாள். பதினாலு. ஒரு மூச்சு கேட்டது. பதினேழு.

"தெரியலைக்கா" என்றாள் இந்துமதி. "எனக்கு எதுவுமே எங்க இருக்குன்னு தெரியல. நான் நல்லா இல்ல."

"நான் வர்றேன்."

"உனக்கு வேலை..."

"கிளம்பிட்டேன். மூணு மணிக்கு அங்க இருப்பேன். சாயங்காலம் ரெண்டு பேருமாப் போயி டாக்டரைப் பாக்கலாம். அதுவரைக்கும் போனை வெக்காத. பக்கத்து வீட்டு அக்காவை வந்து கூட உக்காரச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு. நீ பேச வேண்டாம். நானும் பேசல. சும்மா காதுல வெச்சுக்க."

கீழே ஆறுச்சாமி டிபன் டப்பாவைத் தன் மொபெட் வண்டியின் முன்பையில் வைத்துக்கொண்டிருந்தார். காதில் போனோடு ஓட்டமும் நடையுமாக வருகிறவளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுங்களா? ஏறுங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினார். வண்டி வெயிலுக்குள் இறங்கியது. கோகிலவாணி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரி ஹாரன்களுக்கு நடுவில் அந்தப் பக்கத்து ஒலிகளைத் தேடினாள். குழந்தையைத் தூக்கு என்று சொல்ல நாக்கு எழுந்தது, கடித்துக்கொண்டாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு செருப்பில்லாத பாதம் சிமெண்டுத் தரையில் நடக்கும் சத்தம், கதவு ஒன்று திறக்கும் சத்தம். கவினின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் வந்தது, வந்து, போனுக்கு மிக அருகில், இந்துவின் தோளில் விக்கிக்கொண்டு நின்றது.